விளக்குக்கு விட்ட இடம்

தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்பதுதான் பெர்பெத்தம்மாளின் பயம். பொய் சொல்லிவிடுவோமோ என்பதல்ல. பொய் சொல்ல ஒரு நெஞ்சழுத்தம் வேண்டும், அது தனக்கு இல்லை என்று ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்குத் தெரியாதா. உண்மையைத்தான் சொல்லப்போகிறாள். ஆனால் உள்ளே இருக்கிற உண்மை தொண்டையைத் தாண்டி வருவதற்குள் வேறு முகத்தை மாட்டிக்கொண்டு வந்துவிட்டால் என்ன செய்வது? ஏழரை மணிக்குக் கோயிலை ஒட்டிய அறையில் ஊர்க்கமிட்டி கூடுகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து ஆம்பளைகள் உட்கார்ந்திருப்பார்கள். செயலாளர் பேனா மூடியைக் கழற்றி வைத்துக்கொண்டு கேட்பார்: அன்றைக்குச் சாயங்காலம் பச்சைத் தோணியில் விளக்கு எரிந்ததா, எரியவில்லையா? இரண்டில் ஒன்று. ஒரே ஒரு சொல். அந்த ஒரு சொல்லுக்காகப் பதினெட்டு நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பதினெட்டு நாளுக்கு முன்னால், நிலா இல்லாத ஓர் இரவின் தொடக்கத்தில், எட்டு மணி அடிக்கச் சற்று முன், கஸ்பாரின் வள்ளம் கரைக்குத் திரும்பும்போது நங்கூரம் போட்டு நின்ற பச்சைத் தோணியில் மோதிக் கவிழ்ந்தது. மறுநாள் விடியும்போதுதான் கஸ்பாரை எடுத்தார்கள். ஆடி மாதத்து மேல்காற்றுக்குச் சரக்குத் தோணிகளெல்லாம் பயணம் போகாமல் பழைய துறைமுகத்தில் ஆளில்லாமல் கிடக்கும். ஆளில்லாத தோணியின் பாய்மரத்தில் இருட்டுவதற்குள் விளக்கு கட்ட வேண்டும் என்பது துறைமுகத்து வழக்கம். கட்டியிருந்தால் கஸ்பார் குடித்துவிட்டு விளக்கைப் பார்த்தும் போய் மோதினான். கட்டாவிட்டால் காவல்காரன் குற்றம். காவல்காரன் தொம்மை. தொம்மை பெர்பெத்தம்மாளின் கொழுந்தன். அந்தச் சாயங்காலம் முழுக்க பச்சைத் தோணியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தவள் இந்த ஊரில் ஒருத்திதான். தோணிக் கயிறு கட்டுகிற இதே இரும்புக் குத்தியில், இதே பரீட்சை அட்டையை மடியில் வைத்து, அவள் அதைப் படமாகப் போட்டுக்கொண்டிருந்தாள். அவ்வளவு நேரம் பார்த்தவளுக்கு விளக்கு நினைவில் இல்லை என்றால் யார் நம்புவார்கள்? அவளே நம்பவில்லை. அதனால்தான் இன்றைக்கு ஆறு மணிக்கே வந்துவிட்டாள். அதே இடம், அதே தோணி, அதே நேரம். கண் மறந்ததைக் கை மறக்காது என்று எங்கோ ஒரு நம்பிக்கை. திரும்ப ஒரு தரம் போட்டால், கை போகிற போக்கில் காட்டிக்கொடுக்கும்.

தாளை நனைத்தாள். தயிர் டப்பாவில் தண்ணீர், இன்னொரு டப்பாவில் கழுவுகிற தண்ணீர். பின்னாலிருந்து அடிக்கிற காற்று நனைத்த தாளை நனைத்த கையோடு காய வைத்துவிடுகிறது. இந்த மாதத்தில் வானத்தை ஓட்டமாக ஓடிப் போட வேண்டும். இந்தக் கடலில் சூரியன் விழாது. அது ஊருக்குப் பின்னால், உப்பளத்துக்கு அந்தப் பக்கம் விழும். கடலுக்குக் கிடைப்பது மிச்சம். கிழக்கே தண்ணீரும் வானமும் சேருகிற இடத்தில் முதலில் ஒரு சாம்பல் எழும்பும், அதன் தலையில் கழுவின மீன் செவுள் மாதிரி ஒரு சிவப்பு. அந்தச் சிவப்பு கால் மணி நேரம் இருக்கும். அதற்கு வண்ணப்பெட்டியில் ஐந்தாவது கட்டி. கட்டிகளின் பெயர் அவளுக்குத் தெரியாது. அவள் வேலை பார்த்த விடுதியில் யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண் அறையைக் காலி செய்துவிட்டுப் போகும்போது தகரப்பெட்டியை மேசையிலேயே விட்டுப்போனாள்; மூன்று மாதம் யாரும் கேட்டு வரவில்லை, மேனேஜர், "வேணும்னா நீயே வச்சுக்கோ, இல்லன்னா குப்பையில போடு" என்றார். பதினொரு வருஷம். கரைந்து போன கட்டிகளுக்குப் பதிலாகப் புதிது வாங்கினாலும் பெயர்கள் அவள் வைத்ததுதான்: செவுள், சட்டிக்கரி, நவ்வாப்பழம், பாசி, உப்பளத்து மண். வெள்ளை என்று ஒரு கட்டியும் உண்டு. அதை அவள் தொடுவதில்லை. வெள்ளையைத் தொட்டுப் போட்டால் சுண்ணாம்பு மாதிரி செத்துக் கிடக்கும். வெளிச்சம் வேண்டுமென்றால் தாளையே விட வேண்டும். சுற்றிலும் இருட்டைப் போட்டு, நடுவில் அரிசி அளவு தாளைத் தொடாமல் விட்டால் அதுதான் விளக்கு. இதில் ஒரு சங்கடம் உண்டு, அதை அந்த ஐந்து ஆம்பளைகளுக்கு எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது? இருட்டைப் போடுவது விளக்கு ஏற்றுவதற்கு முன்னால். விளக்கு எரிகிறதற்கு முன்னாலேயே விளக்குக்கு இடம் விட்டாக வேண்டும். பதினெட்டு நாளுக்கு முன் போட்ட படத்தில் பச்சைத் தோணியின் பாய்மரத்தில் அந்த அரிசி இல்லை. விளக்கு எரியாததால் இல்லையா, அவள் இடம் விட மறந்ததால் இல்லையா? கிளம்பும்போது அடுப்பை அணைத்தோமா? அணைத்தோம், சிலிண்டர் வாயையும் திருகினோம். திருகினது நேற்றா இன்றா? வானத்தின் ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிட்டது. ஈரத்தூரிகையால் தடவினாள், கோடு போகவில்லை, பெரிதானது. எப்போதும் இப்படித்தான், சரி பண்ணப் போனால்தான் கெடும். விஜிலாவிடமும் அன்றைக்குப் பேசாமல் இருந்திருக்கலாம். கஸ்பாரின் பெண்டாட்டி. அடக்கம் முடிந்த ஒன்பதாம் நாள் படியேறி வந்தாள், கையில் ஒன்றுமில்லை, கண்ணில் தண்ணீரும் இல்லை. "அக்கா, நீங்க அங்க படம் போட்டுக்கிட்டு இருந்தீங்கன்னு டீக்கடையில சொன்னாவ. விளக்கு எரிஞ்சுதாக்கா?" இவள், "இரும்மா, தண்ணி கொண்டு வாறேன்" என்று உள்ளே போனாள். சமையலறையில் டம்ளரைக் கழுவினாள், துடைத்தாள், மறுபடியும் கழுவினாள். திரும்பி வந்தபோது விஜிலா அதே இடத்தில் அப்படியே நின்றாள். "அவரு குடிப்பாரு, நான் இல்லைங்கல. ஆனா கடலுக்குப் போற அன்னைக்குத் தொட மாட்டாரு. குடிச்சிட்டுப் போய் முட்டினான்னு எழுதிட்டாவன்னா என் மவ அந்தப் பேரோடதான் வளரணும். நாளைக்கு அவளக் கட்டப் போறவனும் அதத்தான் சொல்லிக் காட்டுவான். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம்க்கா. அவரு பாக்காமத்தான் முட்டினாருன்னு ஒரு வார்த்த." அப்போது பெர்பெத்தம்மாள் வாய் தானாகச் சொன்னது: "படத்தைப் பாத்துச் சொல்றேன்." ஏன் சொன்னாள்? படம் என்று ஒன்று இருப்பதை அவளே எடுத்துக் கொடுத்தாள். மறுநாளே செயலாளர் தெருவில் நிறுத்தி, "படத்துக்குப் பின்னால தேதி எல்லாம் போடுவியளாமே, அதையும் கையோட கொண்டு வந்துருங்க. ஆள் பொய் சொல்லும், படம் பொய் சொல்லாதுல்லா" என்று சிரித்தார்.

படம் பொய் சொல்லாது. எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டார். கண்ணே பொய் சொல்லும். ஏழாம் வகுப்பில் மாதா கெபியின் கண்ணாடி உடைந்தபோது, பார்த்தது யார் என்று கேட்ட மதருக்கு முன்னால் கையைத் தூக்கியவள் பெர்பெத்து. அமலி என்றாள். சிவப்பு ரிப்பன், இரட்டைச் சடை, ஓடின முதுகு, எல்லாவற்றையும் பார்த்தாள். சத்தியமாகப் பார்த்தாள். அமலி இரண்டு நாள் மணலில் முழங்காலிட்டாள். மூன்றாம் நாள் வேறொருத்தி அழுதுகொண்டே ஒத்துக்கொண்டாள், அவளுக்கும் சிவப்பு ரிப்பன். முழங்காலில் மணல் பதிந்த தழும்போடு அமலி பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள், ஒரு வார்த்தை ஏசவில்லை, பக்கத்தில் இருந்த பெர்பெத்துக்காகக் கொஞ்சம் தள்ளி இடம் விட்டாள். அந்த இடத்தில் உட்கார முடியாமல்தான் பள்ளிக்கூடம் நின்றது. வீட்டில் தலைவலி என்றாள், வயிற்றுவலி என்றாள், பிறகு யாரும் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்த ஓடுகிற முதுகைக் கண்ணை மூடினால் பார்க்கலாம், அது அமலி முதுகுதான். அந்த மாதிரிதான் விளக்கும். கண்ணை மூடிப் பச்சைத் தோணியை நினைத்தால் ஒரு தரம் விளக்கு எரிகிறது. இன்னொரு தரம் நினைத்தால் இல்லை. எத்தனை தரம் நினைத்தாளோ அத்தனை தரத்துக்கும் ஒரு தோணி. இப்போது அவள் மனசுக்குள் ஒரு துறைமுகமே நிறையத் தோணி நிற்கிறது, பாதியில் விளக்கு, பாதியில் இருட்டு, எது அன்றைக்குள்ளது என்று கழித்து எடுக்க முடியவில்லை. கடலைத் தொடங்கினாள். நவ்வாப்பழத்தில் சட்டிக்கரியைக் கலந்து, தோணி நிற்கிற இடத்தைச் சுற்றி, அடிப்பக்கத்தை மட்டும் தண்ணீரோடு ஒட்டவிட்டு. டீசல் வாடையும் காயப்போட்ட வாளையின் வாடையும் காற்றோடு வந்து அவளைத் தாண்டிக் கடலுக்குப் போயின. ஒரு நாய் வந்து தயிர் டப்பாவை மோந்து பார்த்தது. "போ," என்றாள், "அது குடிக்கிற தண்ணி இல்ல."

"அதுக்குத் தெரியும் மயினி. குடிச்சுப் பாத்துட்டுத்தான் வரையுதியளோன்னு சந்தேகம்." தொம்மை. இரண்டு கண்ணாடி டம்ளரைக் கம்பி வளையத்தில் மாட்டிக்கொண்டு வந்திருந்தான். ஒன்றை அவள் பக்கத்தில் குத்தியின் மேல் வைத்தான், தான் கயிற்றுச் சுருளில் உட்கார்ந்தான். நாற்பத்தைந்து வயதில் தலை முழுக்க நரைத்து, ஆனால் கல்யாணமாகி அவள் புகுந்த வீட்டுக்கு வந்த நாளில் வாசலில் நின்று பார்த்த அதே பார்வை. அவள் தூரிகையை நிறுத்தவில்லை. அவன் குனிந்து படத்தைப் பார்த்தான். "இதுல நான் எங்க?" "நீ இல்ல." "எந்தப் படத்துலதான் இருந்தேன். தோணிய வரைவிய, தோணியக் கழுவுறவன வரைய மாட்டிய." "கழுவினாத்தான வரைய," என்றாள் அவள், பழக்கத்தில் வந்துவிட்டது. அவன் சிரித்தான். சிரித்த பிறகு இருவருக்கும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "இப்ப என்னையத் தோணிப் பக்கம் ஏத்தறதில்ல. விசாரிச்சு முடியட்டும்னுட்டாவ. புதுசா ஒருத்தனப் போட்டிருக்காவ. ஆறரை ஆனா ஓடத்த எடுத்துருவான், ஒரு நிமிசம் பிந்த மாட்டான். பயம் இருக்கும்லா." டீயை ஊதினான். "படத்த அவியள்ட்ட காட்டப் போறியளா?" "கொண்டு வரச் சொல்லியிருக்காவ." "அதுல விளக்கு இருக்கா?" "நான் பாக்கல," என்றாள். பதினெட்டு நாளில் நூறு தரம் எடுத்துப் பார்த்த படத்தை. பொய் சொல்ல நெஞ்சழுத்தம் வேண்டும் என்றா நினைத்தோம், ஒரு வாய் டீ போதுமாக இருந்ததே. தொம்மை கடலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "நீங்க பாத்ததச் சொல்லுங்க மயினி. எனக்காக ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் விளக்கக் கட்டிட்டுத்தான் வந்தேன். பாட்டரி நின்னு போயிருக்கும்." அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பாளா? கடலைப் பார்த்துச் சொன்னதால் நம்பவில்லையா? மனிதர்கள் கடற்கரையில் உட்கார்ந்தால் கடலைத்தானே பார்ப்பார்கள். "டீ ஆறுது," என்று எழுந்தான். "அண்ணனுக்கு மருந்து முடிஞ்சிருந்துச்சு. வாங்கி வச்சுட்டேன். நீங்க வர நேரமானாலும் பரவால்ல, நான் வீட்டுல இருப்பேன்." டம்ளரை அவளிடமே விட்டுவிட்டுப் போனான்.

வீட்டுல இருப்பேன். அதைச் சொல்லாமல் போயிருக்கலாம். அவன் குத்திக்காட்டுகிறவன் இல்லை, அது அவளுக்குத் தெரியும், அதனால்தான் குத்தியது. பதினெட்டு நாளாக விளக்கு, விளக்கு என்று சுற்றிச் சுற்றி வருகிற மனசு, அந்தச் சாயங்காலத்து வீட்டுக்குள் மட்டும் போகாமல் வாசலிலேயே செருப்பைத் தேடிக்கொண்டு நிற்கும். இப்போது உள்ளே போய்விட்டது. அன்றைக்கு அவள் செல்போனைப் பிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு வந்திருந்தாள். மறந்து அல்ல. கூப்பிடுவார்கள், வண்ணம் காய்ந்துவிடும் என்று வேண்டுமென்றேதான். அவள் புருஷன் மிக்கேல் தோணியில் பண்டாரியாகச் சமைத்துச் சமைத்து, அடுப்புப் புகையைத் தின்று நெஞ்சு கெட்டவர். வேலைக்குப் போக முடியாமல் போனபோது வாடகை வீட்டிலிருந்து இவர்களைக் கூட்டிவந்து மாடியைத் தந்தவன் தொம்மை. அன்றைக்கு ஆறு மணி வாக்கில் மிக்கேலுக்கு மூச்சு அடைத்தது. பெண்டாட்டியைக் கூப்பிட்டார், பிரிட்ஜ் மேல் மணி அடித்தது. தம்பியைக் கூப்பிட்டார். தொம்மை ஓடி வந்து அண்ணனைத் தோளில் தூக்கிப் படியிறங்கி, மூச்சு மிஷின் வைத்திருக்கும் பழைய கம்பவுண்டர் வீட்டுக்குக் கொண்டுபோய், ஏழு மணி தாண்டும்வரை முதுகை நீவிக்கொண்டே இருந்தான். அவள் படத்தைச் சுருட்டாமல் காய வைத்து, கையை ஆட்டி ஆட்டிச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனபோது கதவு பூட்டியிருந்தது. விசாரித்துக்கொண்டு ஓடினால், கம்பவுண்டர் வீட்டு வாசலில் தொம்மை, "வந்துட்டியளா மயினி, பயப்படாதிய, சரியாயிட்டு. போய்ச் சாப்பிடுங்க" என்றான். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. மறுநாள் கஸ்பாரை எடுத்த பிறகுதான், "விளக்கக் கட்டிட்டு இறங்கும்போது அண்ணன் போன் வந்துச்சு, ஓடி வந்தேன்" என்றான். எத்தனை மணிக்கு வந்தான்? கம்பவுண்டரிடம் யாரும் கேட்கவில்லை. கமிட்டிக்கு இந்தக் கதையே தெரியாது. மிக்கேலிடம் அவள் ஒரே ஒரு தரம் கேட்டாள். "ஏட்டி, அவன் வந்தது ஆறுக்கா ஆறரைக்கான்னு எனக்கு எப்படித் தெரியும். எனக்கு அப்ப மூச்சு இல்ல. என்கிட்ட கேக்காத." பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "நீ பாத்தத நீ சொல்லு. அவன் வராட்டா நான் இல்லங்கறதையும் நெனச்சுக்கிட்டுச் சொல்லு" என்றார். அப்படியானால் எரியவில்லை என்று அவள் சொன்னால், தொம்மை வேலையையும் இழந்து, கேஸ் கோர்ட் என்று அலைந்து, எதற்காக? அவள் செய்ய வேண்டியதை அவன் செய்ததற்காக. எரிந்தது என்று சொன்னால் ஒரு குடிகாரன் செத்தான். குடிக்காமல் செத்த ஒரு குடிகாரன். கடவுளே, இந்தச் சிவப்பு போகப் போகிறது.

போய்க்கொண்டுதான் இருந்தது. செவுள் நிறம் மேலே ஏறி மங்கி, அடியிலிருந்து நீலச் சாம்பல் எழும்பிவிட்டது. இனி கடைசிப் பூச்சு. தோணியின் உடம்பு, பாய்மரம், அதற்குப் பின்னால் கிழக்கின் இருட்டு, எல்லாவற்றுக்கும் ஒரே குழம்பு, சட்டிக்கரி பாதி, நவ்வாப்பழம் பாதி. தூரிகையை நிறைய முக்கினாள். இந்தப் பூச்சைப் போடும்போது அவள் மூச்சு விடுவதில்லை. நிறுத்தினால் கறை விழும். மேலேயிருந்து கீழே, வலமிருந்து இடம், தாளின் ஈரம் முன்னால் ஓட, தூரிகை பின்னால் ஓட. எங்கோ துடுப்பு தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. துறைமுகப் படிக்கட்டிலிருந்து சின்ன ஓடம் ஒன்று கிளம்பிப் பச்சைத் தோணியை நோக்கிப் போனது, உள்ளே புதுக் காவல்காரன், காலடியில் விளக்குப் பெட்டி. அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. பூச்சு முடிந்து மூச்சை விட்டபோதுதான் கண்டாள். பாய்மரத்து உச்சிக்கு ஒரு விரற்கடை கீழே, இருட்டுக்கு நடுவில், அரிசி அளவு வெள்ளை. அவள் விடவில்லை. விட வேண்டும் என்று நினைக்கவில்லை, அங்கே வரும்போது கை தானாகச் சுற்றிக்கொண்டு போயிருக்கிறது. தூரிகையைக் கழுவி வைத்தாள். பிறகு மிக்கேலின் எக்ஸ்ரே வந்த பெரிய உறையிலிருந்து, இந்த ஆடியில் போட்ட பச்சைத் தோணிப் படங்களை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் வைத்தாள். காற்று பிய்க்கப் பார்த்தது, டீ டம்ளரைத் தூக்கி மேலே வைத்தாள். எட்டுப் படம். ஏழில் அரிசி இருந்தது. ஏழிலும் ஒரே இடத்தில் இல்லை, ஆனால் இருந்தது. ஒரு படம் தூறல் விழுந்ததால் விளக்கு ஏற்றுவதற்கு முன்பே அவள் எழுந்து ஓடிய நாளுடையது, அதிலும் இருந்தது. விளக்கைப் பார்த்து இடம் விட்டதில்லை என்றால் எதை வைத்து இடம் விட்டது கை? துடுப்புச் சத்தம். ஓடம் போவது. அவள் தொம்மையை ஒரு நாளும் வரைந்ததில்லை, அவன் ஓடத்தில் போவதை ஏறிட்டும் பார்த்ததில்லை, ஆனால் ஒவ்வொரு சாயங்காலமும் பூச்சுப் போடுகிற நேரத்தில் அவன் ஓடம் அவளைத் தாண்டிப் போகும், அந்தச் சத்தத்துக்குக் கை இடம் விட்டுப் பழகியிருக்கிறது, சோறு வடிக்கும்போது கோயில் மணி கேட்டால் கை தானாக நெற்றிக்குப் போகிற மாதிரி. எட்டாவது படத்தை எடுத்தாள். பாய்மரத்தின் மேல் தூரிகை எங்கும் தயங்கவில்லை. ஒரே இழுப்பு. மேலேயிருந்து கீழே, சுற்றாமல், நிற்காமல், ஒழுங்கான, அழகான ஒரே இழுப்பு. அன்றைக்கு ஓடம் போகவில்லை.

ஆக, தெரிந்துவிட்டது. தெரிய வேண்டும் என்றுதானே வந்தாள். தெரியாது என்ற ஒன்று பதினெட்டு நாளாக அவளுக்குக் கூரை மாதிரி இருந்தது, ஒழுகினாலும் கூரை. இப்போது அதுவும் இல்லை. இனி தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயத்துக்கு வேலை இல்லை, சரியாகச் சொல்லலாம், ஒவ்வொரு படமாக மேசையில் பரப்பி, இது அரிசி, இது அரிசி, இதில் இல்லை என்று ஒரு பிள்ளைக்குச் சொல்வது போலச் சொல்லிவிடலாம், ஐந்து பேருக்கும் புரியும். பயம் போய்விட்டதா? போகவில்லை. அதே இடத்தில் அதே மாதிரி உட்கார்ந்திருந்தது. அப்படியானால் இத்தனை நாளும் அது தப்பைப் பற்றிய பயமே இல்லை. அவள் சுற்றிலும் பார்த்தாள். தோணியில் புதியவன் ஏறி விளக்கைக் கட்டினான், மஞ்சளாக ஒரு புள்ளி எழும்பி நின்றது, தண்ணீரில் அதன் வால் நடுங்கியது. சரியாக அவள் விட்ட இடத்தில். இந்தப் படம் நன்றாக வந்திருக்கிறது என்று மனசின் ஒரு மூலை சொன்னது, முடிந்திருந்தால் அந்த மூலையை அவள் அறைந்திருப்பாள். மிக்கேல் இந்நேரம் மருந்தை இழுத்துக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருப்பார். தொம்மை பக்கத்தில் இருப்பான். கேட்க மாட்டான். வாழ்நாள் முழுக்கக் கேட்க மாட்டான், அமலி பெஞ்சில் தள்ளி உட்கார்ந்த மாதிரி. பென்சில் சீவுகிற அரை பிளேடு பெட்டிக்குள் காகிதத்தில் சுற்றி இருந்தது. அதை எடுத்தது எப்போது என்று அவளுக்குத் தெரியாது, கைதான் எடுத்தது என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம், ஆனால் கை எடுக்கவில்லை, அவள் எடுத்தாள். ஈரமான தாளில் சுரண்டினால் இன்னும் கறுக்கும். இது காய்ந்து பதினெட்டு நாளான தாள். பாய்மரத்து உச்சிக்கு ஒரு விரற்கடை கீழே பிளேடின் மூலையை வைத்து, மூன்று தரம் சுரண்டினாள். கரி போல ஒரு தூள் எழும்பியது, அடியில் வெள்ளை தெரிந்தது. ஊதினாள். அரிசி. மற்ற ஏழிலும் விளக்கு அமைதியாகப் படுத்திருக்க, இது மட்டும் பஞ்சு கிளம்பி நின்றது. நகத்தால் தேய்த்துப் படிய வைத்தாள். மறைக்க மேலே மஞ்சள் வைக்க முடியாது. சுரண்டின தாளில் வண்ணம் நிற்காது, புண்ணில் மை மாதிரி பரவும். இருக்கட்டும். விரலால் தடவிப் பார்த்தால் தெரியும். கமிட்டியில் உட்காருகிறவர்கள் படத்தைத் தூரத்தில் பிடித்துத்தான் பார்ப்பார்கள்.

"அக்கா." அவள் பிளேடை விரல்களுக்குள் மூடிக்கொண்டாள். விஜிலா குத்திகளுக்கு நடுவே வந்துகொண்டிருந்தாள், கையில் செல்போன் வெளிச்சம், தலையில் முக்காடு. "மணி ஏழேகாலாச்சு. நீங்க இந்த இருட்டுல தனியா வரணுமேன்னுதான் இப்படியே வந்தேன். கயிறு கயிறாக் கிடக்கு, விழுந்து வைக்கப் போறீங்க." பெர்பெத்தம்மாள் படங்களை உறைக்குள் தள்ளினாள், இன்றையது இன்னும் ஈரம், அதை அட்டையிலேயே விட்டுக் கையில் பிடித்துக்கொண்டாள். தயிர் டப்பாவைக் கவிழ்த்தாள். "அந்தப் படத்த எடுத்துக்கிட்டீங்களா?" "எடுத்துக்கிட்டேன்." "நான் பாக்கலக்கா. அங்க வச்சே பாத்துக்கிறேன். இப்பவே பாத்தா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது." கொஞ்சம் சிரித்தாள் என்றுகூடத் தோன்றியது. "நீங்க ஒண்ணும் பேச வேண்டாம். பேசச் சொன்னாப் பயமா இருக்கும், எனக்குந்தான். படத்த மட்டும் மேசையில வைங்க, போதும்." அதைத்தான் செய்யப்போகிறாள். வைப்பாள், நீங்களே பாருங்கள் என்பாள், வாயைத் திறந்து ஒரு சொல்லும் தப்பாகச் சொல்ல மாட்டாள். ஒரு தரம் செருமினாள், விஜிலா அதைக் கேட்டு, "தண்ணி வேணுமாக்கா?" என்றாள். வேண்டாம் என்று தலையாட்டினாள். பின்னால் பச்சைத் தோணியின் விளக்கு எரிந்துகொண்டிருந்தது, அது இந்தப் படிக்கட்டுவரை எட்டாது. "இங்க ஒரு லைட்டுப் போட எவனுக்கும் மனசு வராது," என்று சொல்லிக்கொண்டே விஜிலா முன்னால் நடந்தாள், கையைப் பின்பக்கம் திருப்பி, வெளிச்சம் தன் காலுக்கு இல்லாமல் பின்னால் வருகிறவள் காலுக்கு விழும்படி பிடித்துக்கொண்டு. பெர்பெத்தம்மாள் உறையை மார்போடு அணைத்துக்கொண்டு, அந்த வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து அவள் பின்னாலேயே நடந்தாள்.